எல்லாரும் 'சரி' சொன்னால்தான் ஆசியான் பேசுமா? மியன்மார் விவகாரம் சொல்லும் கதை

ஆசியான் உச்சநிலை மாநாடு என்றதும் உங்களுக்கு ஞாபகம் வருவது அந்தப் படமாகத்தான் இருக்கும். தலைவர்கள் வரிசையாக நின்று, கைகளைக் குறுக்காகக் கோத்துக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

2021 அக்டோபரிலிருந்து நடந்த உச்சநிலை மாநாடுகளில் மியன்மார் ராணுவத் தலைவர் மின் ஆங் லாய்ங்குக்கு அந்த வரிசையில் இடம் கிடைக்கவில்லை. மியன்மாரை ஆசியான் வெளியேற்றிவிட்டதா? இல்லை. தடை விதித்ததா? அதுவும் இல்லை. மியன்மார் உறுப்பு நாடாகவே இருந்தது.

பிறகு எப்படி? அதைத் தெரிந்துகொண்டால், ஆசியான் ஏன் பல விஷயங்களில் மெதுவாகப் பேசுகிறது, சில நேரம் ஏன் பேசாமலே இருக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

ஆசியானின் 'பொது விழுமியங்கள்' என்றால் என்ன?

1967இல் பேங்காக்கில் ஆசியானைத் தொடங்கிய ஐந்து நாடுகள் இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லந்து. அப்போது ஜனநாயகம், மனித உரிமை பற்றியெல்லாம் யாரும் பெரிதாகப் பேசவில்லை. அண்டை நாடுகள் ஒன்றோடொன்று சண்டை போடாமல் இருந்தாலே பெரிய விஷயம் என்ற காலம் அது. மலேசியாவும் இந்தோனேசியாவும் மோதிக்கொண்ட 'கொன்ஃப்ரொன்தாசி' முடிந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

அதனால் அவர்கள் வகுத்துக்கொண்ட முதல் பாடம் இதுதான்: உன் வீட்டு விஷயத்தில் நான் தலையிடமாட்டேன், என் வீட்டு விஷயத்தில் நீ தலையிடாதே.

நாற்பது வருடம் கழித்து, 2007 நவம்பரில், ஆசியான் தலைவர்கள் சிங்கப்பூரில் கூடி ஆசியான் சாசனத்தில் கையெழுத்திட்டார்கள். ஜனநாயகம், நல்லாட்சி, சட்டத்தின் ஆட்சி, மனித உரிமை ஆகிய சொற்கள் அதில் இடம்பெற்றன. 2008 டிசம்பரில் சாசனம் நடப்புக்கு வந்தது.

ஆனால் பழைய பாடத்தையும் அவர்கள் கைவிடவில்லை. உள்நாட்டு விவகாரங்களில் தலையிடக்கூடாது என்பதும் அதே சாசனத்தில், அதே கொள்கைப் பட்டியலில் இருக்கிறது.

சிக்கல் அங்கேதான். ஓர் உறுப்பு நாட்டில் மனித உரிமை மீறப்பட்டால் மற்றவர்கள் என்ன செய்வது? கேட்டால் 'தலையிடுகிறாய்' என்பார்கள். கேட்காவிட்டால் மனித உரிமை என்று எழுதி வைத்ததற்கு என்ன அர்த்தம்?

இந்தக் கேள்வி வர அதிக நாள் ஆகவில்லை. சாசனம் கையெழுத்தான அதே சந்திப்பில் வந்துவிட்டது. இரண்டு மாதம் முன்பு, 2007 செப்டம்பரில், மியன்மாரில் பௌத்த பிக்குகள் முன்னின்று நடத்திய ஆர்ப்பாட்டங்களை ராணுவம் ஒடுக்கியிருந்தது. ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் தூதர் இப்ராஹிம் கம்பாரி சிங்கப்பூருக்கு வந்து தலைவர்களிடம் மியன்மார் நிலவரத்தை விளக்குவதாக ஏற்பாடு. மியன்மார் ஆட்சேபித்தது. ஏற்பாடு ரத்தானது.

மனித உரிமையை எழுதி வைத்த அதே மாநாட்டில், அதைப் பற்றிப் பேச வந்தவரை ஓர் உறுப்பு நாட்டின் 'வேண்டாம்' நிறுத்திவிட்டது.

ஒரு நாடு 'வேண்டாம்' என்றால் ஏன் எல்லாமே நிற்கிறது?

ஆசியானில் வாக்கெடுப்பு கிடையாது. சாசனத்தின் 20ஆவது பிரிவுப்படி, முடிவுகள் கலந்தாலோசனையும் கருத்திணக்கமும் வழியாகத்தான் எடுக்கப்படும். மலாயில் முஷாவரா, முவாஃபக்காட் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அதுதான்.

உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவை நினைத்துப் பாருங்கள். விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று பேச்சு ஆரம்பிக்கிறது. பெரியப்பா கேமரன் மலை என்கிறார். சித்திக்குக் குளிர் ஒத்துக்காது. அண்ணன் பதிலே போடவில்லை. கடைசியில் 'சரி, பார்ப்போம்' என்று ஒருவர் போட, எல்லாரும் கட்டைவிரல் காட்டுவார்கள். யாருக்கும் மனஸ்தாபம் இல்லை. ஆனால் யாரும் எங்கேயும் போகவும் இல்லை.

ஆசியான் அறிக்கைகளில் வரும் 'ஆழ்ந்த கவலை', 'நிலவரத்தை அணுக்கமாகக் கவனிக்கிறோம்' போன்ற சொற்கள் பெரும்பாலும் இந்த 'பார்ப்போம்' ரகம்தான். எல்லாரும் ஏற்கக்கூடிய சொல் எதுவோ அது மட்டும் அறிக்கையில் மிஞ்சும்.

இன்னொன்றும் இருக்கிறது. விதியை மீறும் உறுப்பை இடைநீக்கம் செய்யவோ வெளியேற்றவோ சாசனத்தில் வழி சொல்லப்படவில்லை. கடுமையான மீறல் நடந்தால் தலைவர்களின் உச்சநிலை மாநாட்டுக்குக் கொண்டு போகலாம். அவ்வளவுதான். அங்கேயும் கருத்திணக்கமே அடிப்படை.

2021 பிப்ரவரி 1: ஒரே நாள், பல குரல்கள்

அன்று மியன்மார் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. தேர்தலில் வென்ற ஆங் சான் சூச்சி தடுத்து வைக்கப்பட்டார்.

ஆசியானின் எதிர்வினை என்ன? சிங்கப்பூர் பெரும் கவலை தெரிவித்தது. மலேசியா பேச்சுவார்த்தைக்கு அழைப்பு விடுத்தது. தாய்லந்து, கம்போடியா, பிலிப்பைன்ஸ் தரப்பிலிருந்தோ 'இது மியன்மாரின் உள்நாட்டு விவகாரம்' என்று பதில் வந்தது.

ஏன் இந்த வேறுபாடு? உறுப்பு நாடுகளின் ஆட்சி முறையைப் பாருங்கள். வியட்நாமிலும் லாவோசிலும் ஒரே கட்சி ஆட்சி. புருணையில் சுல்தானின் ஆட்சி. தாய்லந்தில் 2014இல் ராணுவமே ஆட்சியைப் பிடித்தது. இந்தோனேசியா 1998க்குப் பிறகு ஜனநாயகப் பாதைக்குத் திரும்பிய நாடு. 'ஜனநாயகம்' என்ற ஒரே சொல்லை ஒவ்வொரு தலைநகரமும் ஒவ்வொரு மாதிரி படிக்கிறது.

பூகோளமும் இதில் சேர்ந்துகொள்கிறது. தாய்லந்துக்கு மியன்மாருடன் சுமார் 2,400 கிலோமீட்டர் எல்லை. அங்கே சண்டை மூண்டால் மக்கள் ஓடி வருவது முதலில் தாய்லந்துக்குத்தான். அதனால் யார் ஆட்சியில் இருந்தாலும் அவர்களுடன் பேசியாக வேண்டும் என்பது பேங்காக்கின் கணக்கு. மலேசியாவிலோ ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ரொஹிங்யா அகதிகள் இருக்கிறார்கள். மியன்மாரில் நடப்பதை 'அவர்கள் வீட்டு விஷயம்' என்று கோலாலம்பூர் விட்டுவிட முடியாது.

ஐந்து அம்சங்கள்: எழுதியதும் எழுதாததும்

2021 ஏப்ரல் 24ஆம் தேதி ஜக்கார்த்தாவில் தலைவர்கள் நேரில் சந்தித்தார்கள். மின் ஆங் லாய்ங்கும் வந்திருந்தார். ஐந்து அம்ச இணக்கம் உருவானது:

1. வன்முறையை உடனே நிறுத்த வேண்டும்.
2. எல்லாத் தரப்பும் பேச வேண்டும்.
3. ஆசியான் தலைமையின் சிறப்புத் தூதர் சமரச முயற்சிக்கு உதவுவார்.
4. ஆசியான் மனிதநேய உதவி வழங்கும்.
5. சிறப்புத் தூதர் மியன்மார் சென்று எல்லாத் தரப்பையும் சந்திப்பார்.

இதில் என்ன இல்லை? அரசியல் கைதிகளை விடுவிப்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தக் கோரிக்கை 'கேட்கப்பட்டது' என்று தலைவரின் அறிக்கையில் மட்டும் குறிப்பு இருந்தது. கருத்து வேறுபாட்டின் விலை இப்படித்தான் தெரியும். யாரும் சண்டை போட்டு வெளியேறுவதில்லை. ஒரு வாக்கியம் மட்டும் காணாமல் போகும்.

இரண்டே நாளில் ராணுவ அரசாங்கம் சொன்னது: நிலைமை சீரானதும் இந்த 'ஆலோசனைகளை'ப் பரிசீலிப்போம். ஒப்புக்கொண்ட இணக்கம் ஆலோசனையாகச் சுருங்கிவிட்டது.

சிறப்புத் தூதரை நியமிக்கவே ஆகஸ்ட் மாதம் ஆனது. புருணையின் எரிவான் யூசோஃப் தேர்வானார். சூச்சியைச் சந்திக்க அனுமதி கிடைக்காததால் அவர் தமது பயணத்தைத் தள்ளி வைத்தார்.

அதே விதியைத் திருப்பிப் போட்ட நாள்

இப்போது ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். மின் ஆங் லாய்ங்குக்கு எப்படி இடம் இல்லாமல் போனது?

2021 அக்டோபர் 15ஆம் தேதி ஆசியான் வெளியுறவு அமைச்சர்கள் அவசரமாகச் சந்தித்தார்கள். அவரை விலக்கி வைக்க எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றால் அது நடக்கவே நடக்காது. மியன்மாரே ஒப்புக்கொள்ளாதே!

அதனால் கேள்வியையே மாற்றிப் போட்டார்கள். 'அவரை விலக்க இணக்கம் இருக்கிறதா?' என்பது 'மியன்மாரின் அரசியல் பிரதிநிதியை அழைக்க இணக்கம் இருக்கிறதா?' என்று ஆனது. இல்லை. இணக்கம் இல்லாததால் அழைப்பும் இல்லை. அரசியல் சாராத ஒரு பிரதிநிதியை வேண்டுமானால் அனுப்பலாம் என்று முடிவானது.

2007இல் ஒரு நாட்டின் 'வேண்டாம்' பேச்சையே நிறுத்தியது. 2021இல் சில நாடுகளின் 'வேண்டாம்' ஒரு ராணுவத் தலைவரை வாசலில் நிறுத்தியது. விதி அதே விதிதான். அதை யார், எதற்காகப் பயன்படுத்தினார்கள் என்பதுதான் வேறு.

மியன்மார் இதை ஏற்கவில்லை. யாரையும் அனுப்பாமல் இருந்தது. 2024 ஜனவரியில் லுவாங் பிரபாங்கில் நடந்த வெளியுறவு அமைச்சர்கள் சந்திப்புக்குத்தான் முதன்முறையாக ஓர் அதிகாரியை அனுப்பியது.

இந்த முடிவின் தாக்கம் ஆசியானுக்கு வெளியேயும் தெரிந்தது. 2021 நவம்பரில் சீன அதிபர் சி சின்பிங் நடத்திய சிறப்பு உச்சநிலை மாநாட்டில் மியன்மார் சார்பில் யாரும் இல்லை. 2022 மே மாதம் வாஷிங்டனிலும், அதே ஆண்டு டிசம்பரில் பிரசல்சிலும் அதே கதைதான். வல்லரசுகளும் ஆசியான் போட்ட கோட்டைத் தாண்டவில்லை. கருத்து வேறுபாடு இருந்தும் ஆசியான் ஒரு நிலைப்பாட்டில் நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

தலைமை மாறினால் கொள்கையும் மாறுமா?

ஆனால் அந்த உறுதி எப்போதும் நீடிக்கவில்லை. ஆசியான் தலைமைப் பொறுப்பு ஆண்டுதோறும் கைமாறும். சிறப்புத் தூதரும் மாறுவார். உறுப்பு நாடுகள் ஒரே மாதிரி யோசிக்காதபோது, அந்த ஆண்டுக்கான தலைவரின் பார்வையே கூட்டமைப்பின் பார்வை மாதிரி ஆகிவிடுகிறது.

2022இல் கம்போடியாவின் முறை. தலைமை ஏற்ற சில நாட்களிலேயே, ஜனவரியில், பிரதமர் ஹுன் சென் மியன்மார் சென்று மின் ஆங் லாய்ங்கைச் சந்தித்தார். ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு அங்கே போன முதல் அரசாங்கத் தலைவர் அவர். சில மாதம் கழித்து, மரண தண்டனை விதிக்கப்பட்டவர்களைத் தூக்கிலிட வேண்டாம் என்று அவர் கடிதம் எழுதினார். ஜூலையில் ஜனநாயக ஆர்வலர்கள் கோ ஜிம்மி, பியோ ஸெயா தோ உட்பட நால்வருக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது. கதவைத் தட்டிப் போனவரின் கடிதத்துக்கும் மதிப்பு இல்லை.

அதே ஆண்டு மே மாதம் மலேசிய வெளியுறவு அமைச்சர் சைஃபுடின் அப்துல்லா, ராணுவத்தை எதிர்க்கும் தேசிய ஒற்றுமை அரசாங்கத்தின் அமைச்சர் ஸின் மார் ஆங்கை வாஷிங்டனில் வெளிப்படையாகச் சந்தித்தார். ஒரே கூட்டமைப்பு, இரண்டு கதவுகள்.

2023இல் இந்தோனேசியா சத்தமில்லாமல் பல தரப்புகளோடும் பேசியது. ஜூன் மாதம் தாய்லந்து தனியாக ஒரு சந்திப்புக்கு ஏற்பாடு செய்து, மியன்மார் ராணுவ அரசாங்கத்தின் வெளியுறவு அமைச்சரையும் அழைத்தது. இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் வெளியுறவு அமைச்சர்கள் அதற்குப் போகவில்லை.

இப்படி வருடத்துக்கு ஒரு திசை என்றால் யாருக்கு லாபம்? காத்திருப்பவருக்குத்தான். இந்தத் தலைவர் கடுமையாகப் பேசினால் என்ன, அடுத்த ஜனவரியில் வேறொருவர் வருவாரே!

ஆசியான் இதை உணராமல் இல்லை. 2023 செப்டம்பரில் ஜக்கார்த்தாவில், முந்தைய, நடப்பு, அடுத்த தலைமை நாடுகள் மூன்றும் சேர்ந்து மியன்மார் விவகாரத்தைக் கவனிக்க முடிவானது. 2026இல் மியன்மாருக்கு வரவேண்டிய தலைமைப் பொறுப்பு பிலிப்பைன்சுக்குப் போனது.

2025இல் மலேசியாவின் தலைமையில், 'முதலில் சண்டையை நிறுத்துங்கள், தேர்தலைப் பிறகு பார்க்கலாம்' என்று மியன்மாரிடம் சொல்லப்பட்டது. இருந்தும் அந்த ஆண்டு டிசம்பர் கடைசியில் ராணுவ அரசாங்கம் வாக்களிப்பைத் தொடங்கியது.

இதனால் உலக அரங்கில் என்ன பாதிப்பு?

வாக்களிக்கும் இடத்துக்குப் போனால் பிளவு பளிச்செனத் தெரியும்.

2021 ஜூனில் ஐக்கிய நாட்டுப் பொதுச்சபையில் மியன்மார் பற்றிய தீர்மானம் 119 வாக்குகளில் நிறைவேறியது. இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், வியட்நாம் ஆதரித்தன. புருணை, கம்போடியா, லாவோஸ், தாய்லந்து ஒதுங்கிக்கொண்டன. ராணுவ ஆட்சியை எதிர்த்த மியன்மார்த் தூதரோ ஆதரித்து வாக்களித்தார்!

மியன்மார் மட்டும்தான் பிரச்சினையா? இல்லை. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரேனுக்குள் நுழைந்தது. ஆசியான் வெளியுறவு அமைச்சர்கள் அறிக்கை விட்டார்கள். அதில் 'ரஷ்யா' என்ற பெயரே இல்லை. மார்ச் மாதம் பொதுச்சபையில் வியட்நாமும் லாவோசும் வாக்களிக்காமல் ஒதுங்கின, மற்றவை ரஷ்யாவைக் கண்டிக்கும் தீர்மானத்தை ஆதரித்தன. சிங்கப்பூர் ஒரு படி மேலே போய் ரஷ்யாமீது சொந்தமாகத் தடைகள் விதித்தது. வேறெந்த ஆசியான் நாடும் அப்படிச் செய்யவில்லை.

கவனித்தீர்களா? கருத்து வேறுபாட்டால் வெளியுறவுக் கொள்கை இல்லாமல் போவதில்லை. அது கூட்டமைப்பின் மேசையிலிருந்து நழுவி, தனித்தனித் தலைநகரங்களுக்குப் போய்விடுகிறது. அங்கே ஒவ்வொரு நாடும் தனியாக நிற்கிறது. சிறிய நாடுகள் ஒன்றுசேர்ந்து குரல் கொடுக்கத்தானே ஆசியான்?

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2022 டிசம்பரில் ஐக்கிய நாட்டுப் பாதுகாப்பு மன்றம் மியன்மார் பற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஐந்து அம்ச இணக்கத்தை நிறைவேற்ற வேண்டும் என்று அதுவும் சொன்னது. உலகமே 'ஆசியான் பார்த்துக்கொள்ளும்' என்று இருக்கும்போது, ஆசியான் உள்ளுக்குள் இழுத்துக்கொண்டிருந்தால், அந்தத் தாமதம் முழுவதும் மியன்மார் மக்கள் தலையில்தான் விழுகிறது.

மற்ற கூட்டமைப்புகள் எப்படிச் சமாளிக்கின்றன?

ஐரோப்பிய ஒன்றியத்திலும் வெளியுறவுக் கொள்கைக்குப் பொதுவாக எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2023 டிசம்பரில், உக்ரேனை உறுப்பு நாடாக்கும் பேச்சைத் தொடங்க ஹங்கேரியப் பிரதமர் விக்டர் ஓர்பான் சம்மதிக்கவில்லை. முடிவெடுக்கும் நேரத்தில் அவர் அறையைவிட்டு வெளியே போனார். மற்ற 26 தலைவர்களும் முடிவெடுத்தார்கள். எதிர்ப்பும் பதிவானது, முடிவும் நிற்கவில்லை.

ஆசியான் வாக்கெடுப்புக்கு மாறினால் தீர்ந்துவிடுமா? தோற்ற நாடு முடிவை மதிக்காமல் விலகிப் போகலாம் என்ற பயம் இருக்கிறது. கருத்திணக்கம் இருப்பதால்தான் இத்தனை வேறுபட்ட நாடுகள் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கின்றன என்பதும் உண்மை. 2025 அக்டோபரில் தீமோர் லெஸ்தே 11ஆவது உறுப்பாகச் சேர்ந்தது. இனி இன்னொரு 'சரி' தேவைப்படும்.

நீங்கள் செய்தி படிக்கும்போது எதைக் கவனிக்கலாம்?

முதலில், அறிக்கை யாருடையது என்று பாருங்கள். 'கூட்டறிக்கை' என்றால் எல்லாரும் ஒப்புக்கொண்டது. 'தலைவரின் அறிக்கை' என்றால் அந்த ஆண்டின் தலைமை நாடு வெளியிட்டது, எல்லாரும் அதன் பின்னால் நிற்பதாக அர்த்தமில்லை. 2017 செப்டம்பரில் ராக்கைன் மாநில நிலவரம் குறித்துப் பிலிப்பைன்ஸ் அப்படி ஓர் அறிக்கை விட்டது. ரொஹிங்யா மக்கள் லட்சக்கணக்கில் பங்ளாதேஷுக்கு ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. உண்மை நிலையை அந்த அறிக்கை காட்டவில்லை என்று சொல்லி மலேசியா பகிரங்கமாக விலகிக்கொண்டது.

இரண்டாவது, எந்தப் பெயர் விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள். சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டது அதிகம் பேசும்.

மூன்றாவது, படத்தில் யார் இல்லை என்று பாருங்கள். அறிக்கையில் எழுத முடியாததை ஆசியான் ஒருமுறை அப்படித்தான் சொல்லியிருக்கிறது.